பழைய ஹைலக்ஸில் ஸ்பீடோமீட்டர் ஓடவில்லையா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

முள் ஆடினாலோ அசையாமல் கிடந்தாலோ உடனே மீட்டரைக் கழற்றி வேறொன்று போடுவது பலரின் வழக்கம். கேபிளில் ஓடும் பழைய பிக்கப்புகளில் கோளாறு பெரும்பாலும் மீட்டரில் இருக்காது. கேபிளிலோ, கியர்பாக்ஸ் முனையிலுள்ள மீட்டர் பினியனிலோதான் (கேபிளைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) இருக்கும். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், தேவையில்லாமல் மீட்டர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1988 முதல் 1997 வரை வந்த டொயோட்டா ஹைலக்ஸ். இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் இன்றும் வேலை செய்யும் வண்டி. அதே காலத்து மற்ற ஜப்பானியப் பிக்கப்புகளிலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்: பென்சில் தடிமனில் கறுப்பு உறை போட்ட கேபிள் மேலே போனால் கீழே சொல்வது பொருந்தும். மெல்லிய வயர் மட்டும் போனால் அது சென்சார் வைத்த மீட்டர். அதைப் பார்க்கும் முறை வேறு.

கியர்பாக்ஸின் பின்புற ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம் உண்டு. 4×4 வண்டியில் அது டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) பின்முனையில் இருக்கும். அது சிறிய பிளாஸ்டிக் பினியனைச் சுற்ற, பினியன் கேபிளின் உள்கம்பியைச் சுற்றும். மீட்டருக்குள் அந்தக் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தன்னைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பிடிக்கும். முள் நிற்கும் இடம் இந்த இரண்டு விசைகளின் சமநிலை. ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டர் மட்டும் நேரடியாகப் பல்சக்கரங்களில் ஓடுகிறது. கோளாறைப் பிரித்தறிய இந்த வேறுபாடு போதும்.

முள்ளும் ஓடோமீட்டரும் ஒன்றாக நின்றுவிட்டால், கேபிள் அறுந்திருக்கும் அல்லது பினியன் பல் தேய்ந்திருக்கும். ஓடோமீட்டர் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு மீட்டருக்குள்தான். முள் சரி, எண் மட்டும் ஏறவில்லை என்றால் ஓடோமீட்டரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். வண்டி ஓடும்போதே டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ளுவது இதற்கு ஒரு காரணம். 20, 30 கி.மீ. வேகத்தில் முள் துடித்து, வேகம் கூடியதும் அடங்கினால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. முள் ஒரேயடியாக 140க்கு மேல் போய் ஒட்டிக்கொண்டால், காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கிரீஸோ எண்ணெயோ புகுந்துவிட்டது.

சோதனை

மீட்டர் பக்கத்துக் கேபிளைக் கழற்றுங்கள் (கழற்றும் முறை கீழே). முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 4×4 என்றால் டிரான்ஸ்ஃபர் லீவர் 2எச்-இல் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் அதை விடுவித்தே ஆகவேண்டும். கட்டைகளை மட்டும் நம்பி நிற்கும் வேலை என்பதால் சமதளத்திலேயே செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கேபிளின் சதுர முனை சீராகச் சுற்றினால் கீழ்ப்பகுதி முழுதும் நலம். சுற்றாவிட்டால் கீழ்முனையையும் கழற்றி உள்கம்பியை உருவுங்கள். அறுந்திருந்தால் பாதிதான் கையில் வரும். எஞ்சினை ஓடவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்க வேண்டாம். ஜாக்கி நழுவினால் வண்டி பாய்ந்துவிடும்.

மீட்டரைத் தனியாகச் சோதிக்க, வேகம் மாற்றக்கூடிய டிரில்லில் கேபிள் கம்பியின் துண்டு ஒன்றைப் பிடித்து மீட்டரின் பின்துளையில் செருகுங்கள். முதலில் விரலால் திருப்பி, முள் ஏறும் திசை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மீட்டர்களுக்கான தரம் 60 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்தில் 637 சுற்று. டிரில் 600 சுற்றை ஒட்டி ஓடும்போது முள் 55, 60 பக்கம் நடுங்காமல் நின்றால் மீட்டரில் குறையில்லை.

கழற்றுவது

பேட்டரியின் நெகடிவ் முனையை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கி, மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். வெயிலில் வெந்த பழைய பிளாஸ்டிக் சட்டென்று உடையும், மாட்டிக்கொண்டால் இழுக்காமல் மறைந்திருக்கும் ஸ்குரூவைத் தேடுங்கள். மீட்டர் தட்டின் ஸ்குரூக்களை எடுத்ததும் அதை 5 செ.மீ. அளவுக்குத்தான் முன்னால் இழுக்க முடியும். பின்னால் கைவிட்டு, கேபிள் தலையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கை அழுத்தினால் கழன்று வரும். கை நுழையவில்லையென்றால் எஞ்சின் பக்கம் கேபிளின் கிளிப்புகளைத் தளர்த்தி, கொஞ்சம் கேபிளை உள்ளே தள்ளிக்கொடுங்கள். வயர் கனெக்டர்களை வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து எடுங்கள். தட்டு வெளியே வந்திருக்கும்போதே மீட்டர் விளக்கு பல்புகளையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

கீழ்முனையில் கேபிளைப் பிடித்திருப்பது திருகு வளையம். அதைக் கழற்றியபின், பினியன் உறையைப் பிடித்திருக்கும் ஒற்றைப் போல்ட்டையும் தகட்டையும் எடுத்தால் உறை பினியனோடு உருவி வரும். கொஞ்சம் கியர் ஆயில் சிந்தும், தட்டு வையுங்கள். பினியன் பற்கள் ஒரு பக்கம் கத்தி முனைபோல் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். உறையின் வெளியே ஓ ரிங், உள்ளே சிறிய ஆயில் சீல் உண்டு. உருவிய கேபிளில் கியர் ஆயில் வாடை இருந்தால் அந்தச் சீல் போய்விட்டது என்று பொருள். அதை மாற்றாமல் புதுக் கேபிள் போட்டால், சுழலும் கம்பியோடு ஆயில் மேலேறி மீட்டரையும் கெடுக்கும்.

கேபிள் ஏன் அறுந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புதுக் கேபிள் மாட்டாதீர்கள். உள்கம்பி சும்மா அறுவதில்லை. மேலே மீட்டரின் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் குழல்) இறுகியிருக்கும், அல்லது கேபிள் கூர்மையாக வளைந்திருக்கும், அல்லது சைலன்சர் பைப்பை ஒட்டிக் கிடந்து உறை உருகியிருக்கும். மீட்டரின் பின்துளையில் சதுர முனையைச் செருகி விரலால் திருப்பிப் பாருங்கள், தடையே தெரியக்கூடாது. கரகரத்தால் மீட்டரைத் தட்டிலிருந்து எடுத்து, புஷ் வாயில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டுச் சிறிது நேரம் சுற்றுங்கள். அப்போதும் இறுக்கம் விடாவிட்டால்தான் மீட்டரை மாற்றவேண்டும். முள்ளையும் சுருள் ஸ்பிரிங்கையும் விரலால் தொடாதீர்கள்.

கடையில் புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்தில் நீட்டி வைத்து ஒப்பிடுங்கள். 4×4க்கும் சாதாரண வண்டிக்கும், இடப்பக்க ஸ்டீயரிங்குக்கும் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கும் நீளம் மாறும். உள்கம்பியை உருவி, கேபிள் கிரீஸை விரலில் எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். மீட்டர் பக்கத்துக் கடைசி 20 செ.மீ. கிரீஸ் இல்லாமல் இருக்கட்டும். நிறையப் பூசினால் அது சுற்றிச் சுற்றி மீட்டருக்குள் போகும். முள் 140இல் ஒட்டுவது அப்படித்தான். டபிள்யூடி-40 இதற்கு உதவாது, சில வாரங்களில் காய்ந்துவிடும்.

எந்த வளைவும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல், சைலன்சரையும் கிளட்ச் பெடலையும் தொடாமல் கேபிளைக் கொண்டுபோங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் கேபிள் நுழையும் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் மழைநீர் உள்ளே வரும். கீழ்முனை வளையத்தைக் கையால் இறுக்கி, பிளையரால் ஒரு சின்னத் திருப்பு கொடுத்தால் போதும். பினியன் போல்ட் அலுமினிய ஹவுசிங்கில் ஏறுகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும்.

மீட்டர் ஓடியும் வேகம் தப்பாகக் காட்டினால்

முதலில் டயரைப் பாருங்கள். 225/75ஆர்15 டயரின் விட்டம் சுமார் 718 மி.மீ., 31×10.5ஆர்15 டயருக்குச் சுமார் 787 மி.மீ. பெரிய டயர் மாட்டிய வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 65ஐத் தாண்டியிருக்கும். சரிசெய்ய, பல் குறைந்த பினியன் வேண்டும்: 33 பல் இருந்த இடத்தில் 30. கணக்கைச் சரிபார்க்க, மீட்டர் பக்கத்துக் கேபிள் முனையில் காகிதக் கொடி ஒட்டி, அளந்து வைத்த 50 மீட்டர் தூரம் வண்டியை மெதுவாக உருட்டுங்கள். கொடி 32 சுற்று வந்தால் பினியனும் டயரும் பொருந்துகின்றன.

சற்றுக் கூடுதலாகக் காட்டுவது குறையல்ல. ஐ.நா.வின் 39ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக்கூடாது. 10 சதவீதமும் அதன்மேல் 4 கி.மீ.யும் வரை கூடுதலாகக் காட்டலாம். அதாவது உண்மையில் 60இல் போகும்போது 70 வரை காட்டினாலும் விதிக்குள்தான். ஜிபிஎஸ்ஸோடு 40, 60, 80 வேகங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய மீட்டருக்குப் பதில் வேறு மீட்டர் போட்டிருந்தால், இரண்டின் ஓடோமீட்டர் எண்களையும் மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அதைக் காட்டுவது உங்கள் கடமை. 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை அடியில் படுத்து, பினியன் உறையைச் சுற்றி ஆயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.