சாத்துக்குடித் தோப்பில் இனக்கவர்ச்சிப் பொறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்தணி தாண்டி நகரி, புத்தூர் வழியாகச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குள் போனால் மாமரம் கண்ணில் படாத பக்கமே குறைவு. அந்த மாந்தோப்புகளுக்கு நடுவே சாத்துக்குடி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மே முதல் ஜூலை வரை மாம்பழத்தில் பெருகிய பழ ஈ, அறுவடை முடிந்ததும் அடுத்த பழத்தைத் தேடிக் கிளம்பும். அப்போது பக்கத்தில் இருப்பது கொய்யாவும் நிறம் மாறத் தொடங்கும் சாத்துக்குடியும்தான். இந்த வருகையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் பொறி. ஆனால் பலர் காய் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் பொறி வாங்க ஓடுகிறார்கள். வெயில் காலத்தில் பழ ஈயின் ஒரு தலைமுறை மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். காய் நிறம் மாறுவதற்கு ஆறு வாரம் முன்பே பொறி தொங்கினால்தான் எண்ணிக்கை ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

கடையில் தொடங்கும் தவறு

இந்தப் பக்கத்து உரக்கடைகளில் தெலுங்கில் 'லிங்காகர்ஷக புட்ட' (இனக்கவர்ச்சிப் பொறி) என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எந்தப் பூச்சிக்கு என்று கேட்டால் 'பண்டு ஈக' (பழ ஈ) என்போம். சிக்கல் அங்கேதான். பாகல், புடலை, பீர்க்கனைத் தாக்குவதும் பழ ஈதான். ஆனால் அது வேறு இனம், அதற்கான கவர்ச்சிப் பொருள் கியூ லூர். மா, கொய்யா, சாத்துக்குடியைத் தாக்கும் ஈக்களுக்கு மெத்தில் யூஜினால் வேண்டும். டப்பா இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். உள்ளே தொங்கும், கவர்ச்சிப் பொருளில் ஊறிய கட்டை எதற்கானது என்று உறையைப் படித்து வாங்குங்கள். கியூ லூரைச் சாத்துக்குடியில் கட்டிவிட்டு, ஈ விழவில்லை, தோப்பு சுத்தமாக இருக்கிறது என்று நம்புவது பொறியே வைக்காததைவிட மோசம்.

சரியாகச் சொன்னால் மெத்தில் யூஜினால், துணையை அழைக்கப் பூச்சி விடும் இனக்கவர்ச்சிப் பொருளே அல்ல. துளசியிலும் இன்னும் பல செடிகளிலும் இயற்கையாக இருக்கும் வாசனைப் பொருள் அது. பீகாரில் உள்ள பூசாவில் வேலை பார்த்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரனெல்லா எண்ணெயை நாடி ஆண் பழ ஈக்கள் வருவதை 1912இல் எழுதினார். அதைத் தொடர்ந்த ஆய்வில்தான் மெத்தில் யூஜினால் அடையாளம் காணப்பட்டது. வருவது ஆண் ஈ மட்டும் என்பதை மனதில் வையுங்கள். அடுத்த தவறு முழுக்க இதில்தான் நிற்கிறது.

டப்பா நிறைந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. காயைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈ. அது இந்தப் பொறிக்கு வராது. ஒரு ஆண் பல பெண் ஈக்களோடு சேரும் என்பதால், பாதி ஆண்கள் செத்தாலும் மீதி போதும். நிலவரம் தெரிந்துகொள்ள ஏக்கருக்கு இரண்டு பொறி போதும். ஆணை அழித்தே பெருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் ஏக்கருக்குப் பத்து வேண்டும், அதுவும் பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்து வைக்க வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மூன்று டப்பா கட்டிவிட்டு மருந்துச் செலவு மிச்சம் என்று இருந்துவிட முடியாது.

பெண் ஈ வேலையைத் தொடங்கிவிட்டதா என்பதைக் காய்தான் சொல்லும். வாரம் ஒருமுறை மரத்தடியில் விழுந்ததில் பத்துக் காய் எடுத்துப் பாருங்கள். ஈ குத்திய இடத்தில் ஊசி இறங்கினாற்போல ஒரு புள்ளியும், அதைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையமும் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் புள்ளியில் சாறு கசியும். தோலை மெல்லச் சீவினால் வெண்ணிறப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் கொத்தாகத் தெரியும். சில நாள் கடந்திருந்தால் சுளைக்குள் புழு நெளியும்.

அப்படிப்பட்ட காய்களை வரப்பில் வீசக் கூடாது. புழு காயைவிட்டு இறங்கி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். இரண்டடிக் குழி வெட்டி, காயைப் போட்டு, மேலே ஒன்றரை அடி மண் மூடுங்கள். பெண் ஈக்குத் தனியாக இரை வைக்க வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வெல்லம் 10 கிராம், மாலத்தியான் 50 ஈசி 2 மில்லி. இதைக் காயில் படாமல் அடிமரத்திலும் உள்பக்க இலைகளிலும் தெளித்து, லேபிளில் உள்ள இடைவெளி கழித்தே பறிக்க வேண்டும்.

எண்ணாத பொறி

"இந்த வாரம் நிறைய விழுந்திருக்கு" என்பது கணக்கு ஆகாது. பொறிகளுக்கு 1, 2, 3, 4 என்று பெயிண்டால் எண் போடுங்கள். வாரத்தில் ஒரே கிழமையில் கொட்டி எண்ணுங்கள். மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுத்தால் ஒரு பொறிக்கு ஒரு நாளில் விழுந்தது கிடைக்கும். நான்கு பொறி, ஏழு நாள், 196 ஈ என்றால் 7. அடுத்த வாரம் 420 என்றால் 15. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, உடனே காயை அறுத்துப் பாருங்கள். எந்தப் பொறியில் அதிகம் என்பதையும் தனியே குறியுங்கள். மாந்தோப்பு ஓரத்துப் பொறியில் முதலில் ஏறினால் ஈ எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புதுக் கட்டை மாட்டிய வாரம் எண்ணிக்கை தானாக ஏறும். அடைமழை வாரம் இறங்கும். இரண்டையும் நோட்டில் எழுதாவிட்டால் ஈ பெருகியதா, கட்டை புதிதா என்று தெரியாது. நான்கையும் ஒரே நாளில் மாற்றாமல், இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று மாற்றினால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

தொங்கவிடும் விதம்

தரையிலிருந்து நான்கு முதல் ஆறு அடி உயரத்தில், மரத்தின் உள்நிழலில் தொங்க வேண்டும். வெயிலில் தொங்கினால் கட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். இலைக்கொத்துக்குள் புதைத்தால் ஈ நுழையும் துளை அடைபடும். டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஊசித் துளை இல்லையென்றால் மழையில் ஈக்கள் அழுகிக் கூழாகும். கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறி ஈக்களைத் தின்றுவிடும். நீங்கள் எண்ணுவது எறும்பு விட்டுவைத்த மிச்சத்தைத்தான்.

கட்டை பிடித்த கையோடு டப்பாவின் வெளிப்புறத்தைத் தொடாதீர்கள். வாசனை வெளியே ஒட்டினால் ஈ வெளிச்சுவரில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருக்கும், உள்ளே போகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகைப் பொறி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கையுறை.

கட்டையை வீட்டிலேயே தயாரிப்பவர்கள் எத்தில் ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் மூன்றையும் 6:4:1 என்ற அளவில் கலந்து, 5 சென்டிமீட்டர் சதுர ஒட்டுப்பலகைத் துண்டுகளை இரண்டு, மூன்று நாள் ஊற வைக்கிறார்கள். பழைய துண்டறிக்கைகளில் மாலத்தியானுக்குப் பதில் டைக்குளோர்வாஸ் என்று இருக்கும். 2020 டிசம்பர் 31 முதல் அது தடை செய்யப்பட்ட மருந்து. மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள்.

எல்லாப் பூச்சிக்கும் இதுவே அல்ல

பத்துப் பழம் அறுத்தும் புழுவே இல்லை, துளை மட்டும் வட்டமாக, கீழே சதை பஞ்சுபோல நைந்து புளித்த வாடை அடிக்கிறதா? அது இரவில் வரும் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. மெத்தில் யூஜினாலால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் புழு வளர்வது வேலியில் படரும் சீந்தில் கொடியில். கொடியை அறுத்து எடுப்பதுதான் முதல் வேலை.

இலைத் துளைப்பானுக்குத் தனி இனக்கவர்ச்சிப் பொருளும் முக்கோண ஒட்டுப் பொறியும் உண்டு. அதன் அந்துப்பூச்சி இரண்டு மில்லிமீட்டர்தான். லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது, தட்டில் புழுதி படிந்தால் ஒட்டவும் ஒட்டாது. துளிர் விடும் சமயத்தில் மட்டும் வையுங்கள். அது கவலை தருவது இளங்கன்றுகளில்தான். துளைத்த இலை வழியாகச் சொறிநோய் நுழையும். வளர்ந்த மரத்தில் இந்த எண்ணிக்கையைப் பார்த்து மருந்தடிக்கத் தேவையில்லை. சில்லிட் பூச்சிக்கும் கருப்பு ஈக்கும் மஞ்சள் ஒட்டு அட்டைதான்.

புதுக் கட்டையைத் தேவைப்படும் நாள்வரை உறை பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் மாற்றும்போது பழைய கட்டையைத் தோப்பிலேயே வீசிவிட்டு வருவது வழக்கமாக இருக்கிறது. அதில் மிஞ்சிய வாசனை ஈயைத் தரைக்கு இழுக்கும், பொறியின் எண்ணிக்கை குறைந்து காட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.