கொடிக்கயிற்றில் அமெரிக்க வரலாறு: பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவது?

ஜனாதிபதிகளின் பெயர்ப் பட்டியலில் தொடங்கினால் மூன்றாவது பெயரிலேயே பிள்ளை கொட்டாவி விடும். கயிற்றில் தொடங்குங்கள். ஐந்து மீட்டர் வெள்ளைக் கொடிக்கயிறு, அளவு டேப், சிவப்பு, மஞ்சள் மார்க்கர்கள், ஒரு டஜன் துணிக் கிளிப், அஞ்சலட்டை அளவில் வெட்டிய அட்டைகள் போதும்.

ஓர் ஆண்டுக்கு 1 செ.மீ. என்பதுதான் கணக்கு. இடது ஓரத்தில் ஒரு முடிச்சு போடுங்கள். அது 1607, ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆண்டு. அங்கிருந்து 12 செ.மீ. தள்ளி 1619: ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 169இல் 1776, சுதந்திரப் பிரகடனம். 258இல் 1865, உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 348இல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கிய 1955, 362இல் நிலவில் கால் வைத்த 1969. பிள்ளை பிறந்த ஆண்டையும் மாட்டுங்கள். அது இருந்தால்தான் கயிறு அவர்களுடையது ஆகும். கயிற்றைத் தொங்கவிட்டு அளந்தால் தொய்ந்து கணக்கு பிசகும். தரையில் நீட்டி, இரு முனையையும் டேப்பால் ஒட்டிவிட்டு அளவெடுங்கள். முடிச்சு கயிற்றைத் தின்னும் என்பதால் அதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இனி 1619இலிருந்து 1865 வரை சிவப்பு. அங்கிருந்து, பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்த 1964 வரை மஞ்சள். பிள்ளையையே அளக்க விடுங்கள்: சிவப்பு 246 செ.மீ., மஞ்சள் 99. 1964இலிருந்து இன்று வரை மிஞ்சும் வெள்ளை 60 செ.மீ. சொச்சம்தான். விளக்கவுரை வேண்டாம். இடது முடிச்சுக்கு முன்னால் என்ன என்று கேட்டால் வெளியே கூட்டிப்போய் 130 மீட்டர் நடந்து காட்டுங்கள். பூர்வகுடிகள் அந்த மண்ணில் குறைந்தது 13,000 ஆண்டுகளாக வாழ்கிறார்கள்.

பிறகு வாரத்துக்கு ஒரு நிகழ்வை அட்டையில் எழுதி அந்த ஆண்டில் கிளிப்பால் மாட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறேழு வயதுக்கு 1960 பொருந்தும். அந்த நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு, மத்திய அரசின் மார்ஷல்கள் காவலுடன் ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி போனபோது அவளுக்கும் ஆறு வயதுதான்.

பாஸ்டன் தேநீர் விருந்தை (16 டிசம்பர் 1773) பலரும் தப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். வரி ஏறியது, கோபம் வந்தது, 342 பெட்டித் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டினார்கள் என்று முடித்துவிடுவார்கள். உண்மையில் அந்த ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தால் தேயிலை மலிவானது. பழைய வரி நீடித்தது. விற்கும் சலுகை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. சென்னைக் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனிதான். “விலை குறைந்தும் ஏன் கோபம்?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

எட்டு வயதுக்கு மேல் 1955இன் மான்ட்கோமரி (அலபாமா மாநிலம்) பேருந்து. சார்ட் பேப்பரில் முன்னால் 10 கட்டம், நடுவில் நாலு நாலாக 16, பின்னால் 10 வரையுங்கள். வெள்ளையருக்குப் பச்சை, கறுப்பினத்தவருக்கு நீலம் என்று பொத்தான்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் நிறத்தில் வேண்டாம். முன் பத்தும் பச்சைக்கு. நடுப்பகுதி ஓட்டுநர் சொல்கிறபடி. பச்சையும் நீலமும் ஒரே வரிசையில் உட்காரக்கூடாது. முன்பக்கம் நிரம்பிவிட்டது, நடுவின் முதல் வரிசையில் நான்கு நீலம். இன்னொரு பச்சைக்கு இடம் வேண்டும். எத்தனை பேர் எழ வேண்டும்? “ஒருவர்” என்றுதான் பிள்ளை சொல்லும். விதியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: நான்கு பேரும். நிஜத்தில் மூன்று பேர் எழுந்தார்கள், ஒருவர் எழவில்லை. ரோசா பார்க்ஸ் என்ற பெயரை இந்த இடத்தில் சொன்னால் போதும். கைதான அவருக்கு அபராதமும் நீதிமன்றச் செலவுமாக 14 டாலர், பேருந்துக் கட்டணம் 10 சென்ட். எத்தனை பயணத்துக்கு ஆகும் என்று பிள்ளையே கணக்குப் போடட்டும்.

கால் வலித்த பாட்டி என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் மான்ட்கோமரி கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே 15 வயது கிளாடெட் கால்வின் இதேபோல் எழ மறுத்துக் கைதாகியிருந்தாள். பேருந்துப் பாகுபாட்டை முடித்துவைத்த வழக்கைத் தொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. பார்க்ஸ் கைதானதும் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. பேருந்தே இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் எப்படிப் போவது என்று பிள்ளைகளைத் திட்டம் போட வைத்தால் அந்த எண்ணின் கனம் புரியும்.

பிள்ளைகளையே இரு அணியாகப் பிரித்து நடிக்க வைப்பதும், அடிமை ஏலத்தை நாடகமாக்குவதும் கூடவே கூடாது. அவமானம் ஒரு பிள்ளையின் தலையில் போய் விழும். பாடம் மறந்துபோகும், அது மறக்காது. பொத்தான்கள் போதும்.

பதினொன்று வயதுக்கு மேல் 1776 அட்டையைத் திருப்புங்கள். முன்பக்கம், மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடன வரி. பின்பக்கம், அதை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார் என்ற செய்தி. “அப்படியானால் அவர் பொய் சொன்னாரா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், கேள்வியைத் தனி அட்டையில் எழுதி 1776க்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். 1865 வந்ததும் மறுபடி எடுக்கலாம்.