பிடி கேழ்வரகும் உருளைக்கிழங்கு அச்சும்: பிள்ளைகளுக்கு மிஷனரி வரலாறு

களி கிளறும் தருமபுரி வீடுகளில் பிள்ளைகளுக்கு மிஷனரி வரலாறு சொல்லித்தரத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். கேழ்வரகை அரைக்கக் கொடுக்கும் முன் பிள்ளை ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடட்டும். மாத முடிவில் அவர்கள் கையாலேயே ஆலயத்தில் மிஷனரிப் பணிக்குக் காணிக்கையாகக் கொடுக்கட்டும். தானியமாகச் சேருங்கள். மாவில் சீக்கிரம் வண்டு விழும்.

சனிக்கிழமை அச்சு வேலை. 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பாடு கைவேலையில்தான் புரியும். உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டி, ஐந்து நிமிடம் துணிமேல் கவிழ்த்து வையுங்கள். ஈரமிருந்தால் மை பரவும். 'ட' எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைந்து, சுற்றிலும் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெரியவர் செதுக்க வேண்டும். முதல் கிழங்கில் திருப்பாமலே செதுக்குங்கள். இடவலம் மாறி விழுவதைப் பார்த்த பிள்ளை காரணத்தைத் தானே கேட்கும். 'ப' வேண்டாம், திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது. மையைப் பஞ்சில் ஊற்றி ஒற்றியெடுங்கள். கிழங்கை மையில் முக்கினால் எழுத்து அப்பிக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதுவதே போதும். சீகன்பால்குவும் தமிழை அப்படித்தான் தொடங்கினார்.

விடுமுறையில் கிருஷ்ணகிரியிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறலாம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை வெளியே நின்று காட்டுங்கள். நோயாளிகள் நடுவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றாதீர்கள்.