போஜொலே ரெட் வைன்: வாங்குறதுல இருந்து சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்கிற வரைக்கும்

ரெட் வைன்னாலே நாக்கு இழுக்குற அளவுக்குத் துவர்க்கும்னு ஒதுங்கிப் போறவங்க யாரா இருந்தாலும் முதல்ல போஜொலேல ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன். பிரான்ஸ்ல லியோன் நகரத்துக்கு வடக்க இருக்குற குன்றுகள்ல கமேங்கிற கருப்புத் திராட்சையில செய்றாங்க, துவர்ப்பு கம்மி, புளிப்பு தூக்கல், செர்ரி ராஸ்பெர்ரி வாசனை. 1395ல, வடக்க ஒட்டி இருக்குற பர்கண்டியை ஆண்ட டியூக் ஃபிலிப் இந்தக் கமே கொடியையெல்லாம் வெட்டிப் போடணும்னு உத்தரவே போட்டார், ஆனா தெற்க போஜொலேவோட கிரானைட் மண்ணுல அது அருமையா வேர் பிடிச்சு நின்னுடுச்சு.

ஸ்டெப் 1: லேபிளைப் படிங்க

வெறும் போஜொலேன்னு போட்டிருந்தா விலை கம்மி, லேசா இருக்கும். போஜொலே-வில்லாஜ் அதுக்கு ஒரு படி மேல. அதுக்கும் மேல க்ரூன்னு சொல்ற 10 இடங்கள் இருக்கு, இங்கதான் புதுசா வாங்குறவங்க குழம்பிடுவாங்க, ஏன்னா அந்த பாட்டில்கள்ல போஜொலேங்கிற பேர் பெருசா இருக்காது, ஃப்ளெரி, மோர்கோன், மூலான்-ஆ-வோன், ஜூலியேனா, ப்ரூயின்னு இடத்தோட பேர்தான் கண்ணுல படும். முதல் பாட்டிலுக்கு ஃப்ளெரி எடுங்க, பூ வாசனையும் மென்மையுமா யாருக்கும் பிடிக்கும். மோர்கோனும் மூலான்-ஆ-வோனும் கொஞ்சம் கனம், சில வருஷம் வச்சிருந்தும் குடிக்கலாம்.

நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வெளியாகுற போஜொலே நூவோவைப் பார்த்துட்டு மொத்த போஜொலேவையும் எடை போட்டுடாதீங்க ப்ளீஸ். அது அறுவடை முடிஞ்ச சில வாரத்துலயே பாட்டில்ல அடைக்கிற வைன், வாழைப்பழ வாசனையோட ஜாலியா இருக்கும், சீக்கிரம் குடிச்சு முடிக்கணும், அவ்வளவுதான்.

ஸ்டெப் 2: கொஞ்சம் குளிர வைங்க

ரெட் வைனை ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாதுன்னு சொல்றவங்க பேச்சை இந்த வைனுக்குக் கேக்காதீங்க. 13 டிகிரி கிட்ட இருந்தாத்தான் பழ வாசனை பளிச்சுன்னு வரும், சூடா இருந்தா ஆல்கஹால் நெடிதான் முன்னாடி நிக்கும். குடிக்கிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, அவசரம்னா ஐஸும் தண்ணியும் கலந்த பக்கெட்ல 10 நிமிஷம் போதும். மோர்கோன் மாதிரி கனமானதுக்கு 15, 16 டிகிரி சரி.

ஸ்டெப் 3: ஊத்தி, சுழட்டி, மோந்து பாருங்க

கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க. லேசா சுழட்டி மோந்து பார்த்துட்டு ஒரு வாய் குடிச்சு முழுங்குனதும் கன்னத்து ஓரத்துல எச்சில் ஊறுதான்னு கவனிங்க, ஊறுனா அதுதான் புளிப்பு, சாப்பாட்டோட வேலை செய்யப் போறதும் அதுதான். துவர்ப்பு கம்மியா இருக்குறதுக்குக் காரணம் தயாரிப்பு முறை: திராட்சையை மிதிக்காம குலையோட தொட்டியில போடுறாங்க, கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்சதும் பழத்துக்குள்ளயே நொதிக்க ஆரம்பிச்சுடும், தோல்ல இருந்து துவர்ப்பு அதிகமா இறங்குறதில்ல.

ஸ்டெப் 4: சாப்பாடு

லியோன்ல புஷோன்னு சொல்ற சின்னச் சின்ன உணவகங்கள் இருக்கு, அங்க அடி தடிமனான 46 சென்டிலிட்டர் பாட்டில்ல போஜொலே கொண்டு வந்து வைப்பாங்க, கூட வர்றது எல்லாம் பன்றிக் கொழுப்பும் வெண்ணெயுமான சாப்பாடு. ரசம் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி விடுற மாதிரி இந்தப் புளிப்பு ஒவ்வொரு வாய்க்கும் நாக்கைச் சுத்தம் பண்ணிடும், அதனாலதான் சலிக்காம சாப்பிட முடியுது.

எளிமையா ஆரம்பிக்கணும்னா ரோஸெத் அப்படிங்கிற உலர்ந்த பன்றி சாசேஜ மெல்லிசா வெட்டி ரொட்டியும் வெண்ணெயும் வச்சு சாப்பிடுங்க, சாதா போஜொலே போதும். அடுத்து லியோன் சாலட், கசப்பான கீரை, வறுத்த பேக்கன் துண்டு, மேல அரைவேக்காட்டு முட்டை, கடுகும் வினிகரும் சேர்ந்த டிரஸ்ஸிங். வினிகர் வந்தாலே பல ரெட் வைன் தட்டையாயிடும், ஆனா கமேகிட்டயே புளிப்பு இருக்குறதால ஈடு கொடுத்து நிக்கும், எனக்கு இதைவிடப் பிடிச்ச ஜோடி கிடையாது. வைன்ல வேகவச்ச கோழின்னா ஜூலியேனா, மாட்டுக்கறி ஸ்டூன்னா மூலான்-ஆ-வோன். சீஸ்ல சான்-மார்செலான், உள்ள குழைஞ்சு வழியுற பதத்துல. கெனெல்னு சொல்ற மீன் உருண்டைக்கு மட்டும் ஒயிட் வைன் எடுத்துக்கோங்க. காரம் அதிகமான சாப்பாட்டோட குடிச்சாலும் துவர்ப்பு கம்மிங்கிறதால எரிச்சல் பெருசா ஏறாது, நல்லா குளிர வச்சா இன்னும் நல்லது.

ஸ்டெப் 5: மிச்சம் இருந்தா

கார்க்கைத் திருப்பி அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுக்கு மேலன்னா வெங்காயமும் பேக்கனும் வதக்கி இந்த வைனை ஊத்திச் சுண்ட வச்சு அதுல முட்டையை உடைச்சு ஊத்தி வேகவிடுங்க, பர்கண்டி பக்கம் இதுக்குப் பேரு ஊஃப் ஆன் மூரெத், வறுத்த ரொட்டி மேல வச்சு சாப்பிடணும்.