தாத்தாவின் ரைஃபிளுக்குப் புதுக் குழல் போடுவதற்கு முன்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் அக்கா மகன், போன மாதம் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுடைய அப்பா வழித் தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. .275 ரிக்பி. ஆட்கொல்லியான சம்பாவத் பெண்புலியைச் சுட்டதற்காக 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதும் இதே வகைதான். "இதற்குத் தோட்டா எங்கும் கிடைக்கவில்லை மாமா. லேத் பட்டறையில் புதுக் குழல் கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். தோட்டாவை நானே அடைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் எல்லோரும் செய்கிறார்கள்" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவன் பார்த்திருந்தது வைல்ட்கேட் தோட்டா பற்றிய காணொளிகள். எந்தத் தொழிற்சாலையும் செய்து விற்காத தோட்டாவுக்கு அங்கே அந்தப் பெயர். ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ வேறு அளவுக் குண்டுக்குப் பொருத்துவார்கள். .30-06 என்ற அமெரிக்க ரைஃபிள் தோட்டாவின் கூட்டை எடுத்துக் கழுத்தை விரித்துச் செய்த .35 வீலன் இப்படிப் பிறந்ததுதான். பல பத்தாண்டுகள் தனியார் கைகளில் இருந்துவிட்டு, 1988-ல்தான் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. அந்த நாட்டில் அது சட்டம் அனுமதிக்கும் வேலை. அதற்கென்றே குழல் செய்பவர்களும், துல்லியமான அளவுக் கட்டைகளும், அச்சிட்ட வெடிமருந்து அளவு அட்டவணைகளும் உண்டு. காணொளியில் தெரிவது கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே.

இங்கே முதலில் இடறுவது சட்டத்தில். குழல் என்பது வெறும் இரும்புத் துண்டு, உதிரிபாகத்துக்கு உரிமம் எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவியும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள் வருகின்றன. வைத்திருக்கும் உரிமம் வேறு, செய்யும் உரிமம் வேறு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதற்கும், மாற்றியமைப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும்கூட 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். லேத் பட்டறைக்காரர் மோட்டார் ஷாஃப்ட் கடைந்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவரையும் சேர்த்து இழுத்துவிடுவது என்ன நியாயம்?

சட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்தாலும் இரும்பு மன்னிக்காது. கார் டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். .30-06 தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு 60,000 பவுண்டு. அவனுடைய .275-ம் 7×57 மவுசரும் ஒரே தோட்டாதான். பழைய துப்பாக்கிகளை மனத்தில் வைத்து அமெரிக்கத் தரத்தில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 51,000. குழலை மட்டும் புதிதாக்கிவிட்டால் போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) அது பூட்டும் உடலும் இளமையாகிவிடாது. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியிலும் பிழைக்கு இடமில்லை. .30-06-க்கு 'சரி' என்று சொல்லும் அளவுக் கட்டைக்கும் 'கூடாது' என்று சொல்லும் கட்டைக்கும் வித்தியாசம் 0.006 அங்குலம், ஏறக்குறைய இரண்டு தலைமுடித் தடிமன். அதற்கு மேல் போனால் பித்தளைக் கூடு நீண்டு கிழியும். கிழிந்தால் தீயும் வாயுவும் சுடுபவரின் முகத்துப் பக்கம் திரும்பும்.

குழலில் பொறித்திருக்கும் எண்ணைக் குண்டின் விட்டம் என்று நம்புவது இன்னொரு பெரிய தவறு. .275 ரிக்பியில் போகும் குண்டு .284 அங்குலம். .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற இன்னொரு ரைஃபிளில் போவது .330. அதே .318 என்ற எண், பழைய ஜெர்மன் 8×57 தோட்டாவில் குண்டின் உண்மையான விட்டம். பின்னால் வந்த 8×57-க்கு .323. பெயரைப் பார்த்துப் பொருத்தினால் பெரிய குண்டைச் சிறிய குழலுக்குள் திணிக்க நேரிடும்.

மருந்து அடைப்பதில் நடக்கும் பிழைகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது, 'கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் வேகம் கூடும்' என்ற நினைப்பு. அழுத்தம் அப்படிச் சீராக ஏறாது. ஓரளவுக்கு மேல் திடீரென்று பாயும். கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தும் ரைஃபிளுக்கான மெதுமருந்தும் கண்ணுக்கு ஒரே கருமணல் போலத் தோன்றலாம். பட்டாசு மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மருந்து குறைந்து குண்டு குழலுக்குள் நின்றுவிட்டால், அது தெரியாமல் சுடும் அடுத்த குண்டு குழலையே பிளந்துவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு ரைஃபிளைக் கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றான். தாத்தா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது! உரிமம் மனிதருக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் போனதும், வாரிசுகள் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியரிடம் தன் பெயரில் உரிமத்துக்கு மனுப் போடலாம். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது பழைய கதை. 2019 முதல் இரண்டுதான். புதுச்சேரியில் ஒரு நண்பரிடம் காட்டிவிட்டு வரலாமா என்றும் கேட்டான். கடலூர் தாண்டி முள்ளோடை வந்தாலே யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமம் இருப்பவரே அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. உரிமமே இல்லாதவன் எப்படிப் போவது? காட்டுப்பன்றிக்குத்தான் என்று சமாதானம் சொன்னான். 1972 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தோப்புக்காரர் தன் விருப்பத்துக்குச் சுட முடியாது.

ஒப்படைக்கும்போது நானும் கூடப் போனேன். விற்பனையாளர் போல்ட்டைக் கழற்றி, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். சுருள் வரிகளுக்கு நடுவே அம்மைத் தழும்பு போலக் குழிகள். பழைய தோட்டாக்களின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பின் அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் உப்பு போகாது, வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்திய பிறகுதான் எண்ணெய். தாத்தா ஒவ்வொரு முறையும் எண்ணெய் மட்டும் விட்டிருக்கிறார், அதுவும் கடலூர்க் காற்றில். குழல் கெட்டது அப்படித்தான். ஆனால் அடிப்பாகத்தில் செய்தவர் முத்திரையும் அழுத்தச் சோதனை முத்திரையும் இன்னும் தெளிவாக இருந்தன. குழலைக் கழற்றி எறிந்திருந்தால் அவையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பையன் அந்த முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட்டான்.