மண்ணுக்குப் பதில் களிமண் உருண்டை: வேர் அழுகாமல் இருக்க

பெங்களூரு அபார்ட்மென்ட் பால்கனியில் மண் சிந்தாமல் மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி வளர்க்கச் சுட்ட களிமண் உருண்டைகள் அருமையான வழி. நர்சரியில் ‘லெக்கா’ என்று கேளுங்கள். 8 முதல் 16 மி.மீ. அளவு சரியாக இருக்கும்.

வாளியில் போட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் செங்காவியாக வரும், நாலைந்து தடவை மாற்றினால்தான் தெளியும். அதைச் சமையலறை சிங்க்கில் ஊற்றாதீர்கள், வண்டல் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு 24 மணி நேரம் ஊறட்டும். காய்ந்த உருண்டை வேரின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்.

பலரும் சறுக்குவது, மண்ணிலிருந்து எடுத்த செடியின் வேரைக் கழுவுவதில்தான். இடுக்கில் ஒட்டிய மண்ணையும் பழைய பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து எடுங்கள். மிச்சம் இருந்தால் அழுகி நாற்றமடிக்கும். கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, செடியை ஜாடியில் வைத்துச் சுற்றிலும் உருண்டைகளை நிரப்புங்கள். ஓட்டையில்லாத கண்ணாடி ஜாடி என்றால் அடியில் கால்பங்கு உயரத்துக்குத் தண்ணீர் போதும், வேர் அதற்கு மேலே நிற்கட்டும். ஈரம் உருண்டைகள் வழியாகத் தானே ஏறும். ஆரம்பத்தில் ஓரிரு இலை மஞ்சளானால் பதற வேண்டாம், செடி தண்ணீருக்கேற்ற புது வேர் விடுகிறது.

உருண்டையில் சத்து கிடையாது. ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளர்க்கும் செடிகளுக்கான) திரவ உரத்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் கால்பங்கிலிருந்து தொடங்குங்கள்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உருண்டைமேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். முற்றவிட்டால் இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை ஜாடி நிறையத் தண்ணீர் விட்டுச் சாய்த்துக் கொட்டுங்கள். காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைத்தால் இன்னும் நல்லது.