மண் செவுத்துக்கு மண்ணாலயே பூசுறது எப்படி

எங்க ஊரு திருவண்ணாமலை பக்கம். தாத்தா காலத்து மண் வீடு, செவுரு ஒண்ணரை அடி கனம், மேல நாட்டு ஓடு. அப்பா ஒரு சமயம் மண்ணு உதிருதேன்னு கொத்தனார வச்சு வெளிச்செவுரு பூரா சிமெண்ட் பூசிட்டாரு. மூணு மழைக்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு கார்த்திகை மழைல கிழக்கு செவுத்து பூச்சு கதவு சைஸுக்கு பாளமா கழண்டு விழுந்துச்சு, உள்ள பார்த்தா மண்ணு சகதி மாதிரி ஊறிப்போய் கிடக்கு, ஓரத்துல கரையான் வேற. அன்னைக்குதான் மொத்த சிமெண்டையும் தட்டி எடுத்துட்டு மண்ணாலயே பூசணும்னு முடிவு பண்ணோம்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, மண் செவுரு தரையிலருந்து ஈரத்தை எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும், அது செவுத்து வெளிப்பரப்பு வழியா காத்துல காஞ்சு வெளிய போயிடும். சிமெண்ட் பூசுனா அந்த வழி அடைபட்டுடும். அது மட்டும் இல்ல, சிமெண்ட் விறைப்பு, மண்ணு அப்படி இல்ல, ஈரத்துக்கும் வெயிலுக்கும் லேசா உப்பும் சுருங்கும். அதனால சிமெண்ட்ல முடி மாதிரி கீறல் விழும், மழைத்தண்ணி அது வழியா உள்ள போகும், திரும்ப வெளிய வர வழி இல்ல. கோழி வலை அடிச்சு சிமெண்ட் பூசுனா நிக்கும்னு சொல்றாங்க, வலை பூச்சைத்தான் பிடிச்சு வைக்கும், பின்னாடி செவுரு ஊறுறத அது தடுக்காது.

மொதல்ல எப்ப ஆரம்பிக்கணும்னு பாருங்க. எங்க பக்கத்துக்கு தை, மாசிதான் சரி. வடகிழக்கு பருவமழை முடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது, அறுப்பு முடிஞ்சு புது வைக்கோலும் உமியும் சுலபமா கிடைக்கும். சித்திரை வெயில்ல பூசுனா மேல்தோல் சீக்கிரம் காஞ்சு உள்ள ஈரம் நின்னு வெடிச்சுரும். ஐப்பசில பூசுனா காயவே காயாது.

பூச்சுல கை வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்கருந்து வருதுன்னு பாருங்க. ஓடு ஒழுகுதா, இறவாணம் (செவுத்தை தாண்டி நீளுற கூரை ஓரம்) ரெண்டு அடியாவது வெளிய நீண்டிருக்கா, செவுத்து ஓரமா தண்ணி தேங்குதா. இதை சரி பண்ணாம எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் பிரயோஜனம் இல்ல. எங்களுக்கு பின்பக்கம் பாத்திரம் கழுவுற தண்ணி செவுத்தடியிலயே போயிட்டு இருந்துச்சு, அதுக்கு ஒரு கால்வாய் வெட்டினதே பாதி வைத்தியம்.

அப்புறம் மண்ணு. இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. மேல ஒரு ஒண்ணரை அடி மண்ணை ஒதுக்கிடுங்க, அதுல வேரு, மக்குன இலை எல்லாம் இருக்கும், அது பயிருக்கு நல்லது, செவுத்துக்கு ஆகாது. அதுக்கு கீழ இருக்கிற செம்மண்ணு அருமையா ஒட்டும். கரிசல் மண்ணை தனியா நம்பாதீங்க, ஈரத்துல அவ்ளோ உப்பும், காஞ்சா அவ்ளோ பிளக்கும். வெள்ளையா உப்பு பூத்த உவர் மண்ணை தொடவே தொடாதீங்க, பூசுனதுக்கு அப்புறம் அந்த உப்பு மேல வந்து பூச்சை பொடிப்பொடியா உதிர்த்துடும். கடல் மணலும் அதே கதைதான். பழைய செவுத்துலருந்து விழுந்த மண்ணு இருந்தா கொட்டிடாதீங்க, உப்பு பூக்காததா பாத்து ஊறவச்சா மறுபடி பசையாயிடும். சிமெண்டுக்கு இந்த குணம் கிடையாது, மண்ணுல எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான்.

மண்ணுல எவ்ளோ களி (ஒட்டுற களிமண்ணு), எவ்ளோ மணல் இருக்குன்னு பாக்க ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நல்லா குலுக்கி ஆடாத எடத்துல வைங்க. மணல் ஒரு ரெண்டு நிமிஷத்துல அடியில உக்காரும், அதுக்கு மேல வண்டல் மெதுவா படியும், களி படிய ஒரு நாளாவது ஆகும். களி தண்ணியில ஊறி உப்பி இருக்கும்ங்கிறதால அந்த அடுக்கு நிஜத்தை விட தடிமனா தெரியும், அதனால இது குத்துமதிப்புதான். கூடவே ஈரமண்ணை விரல் தடிமனுக்கு திரிச்சு ஓரத்துல தொங்க விட்டு பாருங்க, ரெண்டு இன்ச் கூட தாங்காம ஒடிஞ்சா களி பத்தாது, பாம்பு மாதிரி நீளமா தொங்குச்சுன்னா களி ஜாஸ்தி, மணல் நிறைய சேக்கணும்.

ஆனா இதெல்லாத்தையும் விட முக்கியமானது செவுத்துலயே போட்டு பாக்குறது. இதை தயவுசெஞ்சு தவிர்க்காதீங்க. ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம் நாலு போடுங்க. மண்ணு ஒண்ணு மணல் ஒண்ணு, அடுத்தது ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு நாலு. எல்லாத்துலயும் ஒரே அளவு வைக்கோல், ஒரே கனம். பக்கத்துலயே கரித்துண்டால அளவை எழுதி வைங்க, மறந்துடும். நிழல்ல நாலஞ்சு நாள் காயட்டும். அப்புறம் பாருங்க, வெடிச்சிருந்தா மணல் பத்தல, உள்ளங்கையால தேச்சா பொடியா கொட்டுச்சுன்னா மணல் ஜாஸ்தி, தட்டுனா டொப்பு டொப்புன்னு சத்தம் வந்தா செவுத்துல ஒட்டல. எங்க மண்ணுக்கு ஒண்ணுக்கு ரெண்டு சரியா வந்துச்சு, அதே ஊர்ல ஏரிக்கரை பக்கத்து வீட்டுக்கு ஒண்ணுக்கு மூணு தேவைப்பட்டுச்சு. அதனால யாராவது ஒரே கணக்கா "இவ்ளோ போடுங்க"ன்னு சொன்னா அதை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க மண்ணுதான் சொல்லணும். ஆத்து மணல் கிடைக்கலன்னா கல்லை உடைச்சு பூச்சுக்குன்னு விக்கிற பி-சாண்ட் மணல் போதும், தூசி ஜாஸ்தியா இருந்தா அந்த லோடு வேணாம்.

களி ஏன் வெடிக்குதுன்னா, அது தண்ணி குடிச்சு உப்பி, காயும்போது சுருங்கும். மணல் சுருங்காது, அதுதான் எலும்பு மாதிரி. வைக்கோல் நாரு அந்த சுருக்கத்தை ஒரே எடத்துல பிளக்க விடாம பரப்பி விடும். மூணும் சேர்ந்தாதான் பூச்சு.

அளவுக்கு ஒரு கணக்கு. 100 சதுர அடி செவுத்துக்கு அரை இன்ச் கனத்துக்கு ஈரக்கலவை 4 கன அடிக்கு கொஞ்சம் மேல வேணும். காஞ்ச மண்ணும் மணலுமா அளந்தா அதை விட மூணுல ஒரு பங்கு சேர்த்து வாங்கிக்கோங்க, பழைய செவுரு மேடு பள்ளமா இருந்தா இன்னும் கூட ஆகும்.

கலவை போடுறதுக்கு, மண்ணை கட்டி உடைச்சு சலிச்சுட்டு ரெண்டு நாளாவது தண்ணியில ஊறப்போடுங்க. அடிப்பூச்சுக்கு கால் இன்ச் சல்லடை போதும், கடைசி பூச்சுக்கு கொசுவலை மாதிரி சின்ன கண்ணு சல்லடை வேணும். ஊறுன மண்ணை தார்ப்பாய் மேல கொட்டி, மணல் சேர்த்து, ஒண்ணு ரெண்டு இன்ச்சுக்கு நறுக்குன வைக்கோலை தூவி தூவி மிதிக்கணும். பத்து சட்டி கலவைக்கு ரெண்டு மூணு சட்டி வைக்கோல் நாங்க போட்டோம். மிதிச்சதை குவிச்சு ஈரச்சாக்கு போட்டு மூடி ஒரு வாரம் புளிக்க விட்டா வைக்கோல் லேசா அழுகி வழவழப்பு விடும், கலவை கையில வெண்ணெய் மாதிரி வரும், நாத்தம் அடிக்கும், பயப்படாதீங்க, காஞ்சதும் போயிடும். ஆப்பிரிக்கால மாலி நாட்டு ஜென்னே ஊர்ல 1907ல கட்டின பெரிய மண் மசூதி இருக்கு, வருஷா வருஷம் ஊரே கூடி பூசுவாங்க, அவங்களும் மண்ணுல உமியை போட்டு புளிக்க வச்சுதான் பூசுறாங்க. எங்க பக்கத்து வீட்டு ஆயா கிட்ட இதை சொன்னப்ப "பின்ன, மண்ணுன்னா எல்லா ஊர்லயும் மண்ணுதான கண்ணு"ன்னாங்க.

செவுரை தயார் பண்றது. ஒட்டாம தொங்குற பழைய பூச்சு எல்லாத்தையும் தட்டிடுங்க, கரையான் பாதை இருந்தா சுரண்டி அது எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. ஆழமான பள்ளத்தை ஒரே தடவைல நிரப்பாதீங்க, ஓட்டுச்சில்லு பதிச்சு ஒரு இன்ச் ஒரு இன்ச்சா காயவிட்டு நிரப்பணும். கரண்ட் பைப் பதிக்கிற வேலை இருந்தா இப்பவே முடிச்சுடணும். பைப் மேலயும், கதவு ஜன்னல் நிலை செவுத்தோட சேர்ற எடத்துலயும் கோணிச்சாக்கை பட்டையா வெட்டி மண் கரைசல்ல முக்கி ஒட்டுங்க, மரமும் மண்ணும் வேற வேற மாதிரி அசையும்ங்கிறதால அங்கதான் கீறல் விழும். அழுத்துன மண் கல்லுல கட்டுன புது வீடா இருந்தா செவுரு வழவழன்னு இருக்கும், இணைப்பை கொஞ்சம் சுரண்டி, மேல கீறி விட்டாதான் பிடிக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணி தெளிங்க, பூசுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. செவுரு கருத்திருக்கணும், ஆனா மேல தண்ணி மினுமினுக்கக் கூடாது. தோசை மாவு மாதிரி மண் கரைசலை விளக்குமாத்தால அடிச்சு தேச்சுட்டு, அது காயுறதுக்குள்ள அடிப்பூச்சு போடணும். பதம் அதிரச மாவு மாதிரி, உருண்டை பிடிச்சா நிக்கணும். உருண்டையை செவுத்துல வீசி அடிங்க, அந்த வேகம்தான் உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தும். அப்புறம் உள்ளங்கை அடிப்பக்கத்தால கீழருந்து மேல அழுத்தி தள்ளுங்க. வேலை மட்டும் செவுத்து மேல்பகுதில ஆரம்பிச்சு கீழ வரட்டும். ஒரு தடவைக்கு முக்கா இன்ச்சுக்கு மேல வேணாம். மட்டக்கோலும் தூக்குக்குண்டும் வச்சு பாக்கலாம், ஆனா மண் செவுத்தை சிமெண்ட் செவுரு மாதிரி நேராக்கணும்னு அடம்பிடிச்சா கனம் ஏறும், வெடிக்கும். மூலைங்களை வளைவா விடுங்க, கூரா விட்டா ஒரு சேர் இடிச்சாலே ஒடிஞ்சுடும். ஈரமா இருக்கும்போதே விரலால கோடு கோடா கீறி விடுங்க, அடுத்த பூச்சு அதைத்தான் பிடிச்சுக்கும்.

அது முழுசா காயணும், ஒரு வாரமாவது ஆகும். மண்ணு நிறம் வெளுத்து செவுரு பூரா ஒரே மாதிரி தெரியணும். அடிப்பூச்சுல சின்ன வெடிப்பு விழுந்தா கவலைப்படாதீங்க, விழவேண்டியது இப்பவே விழுந்துடட்டும். காயும்போது பேன் போடாதீங்க. மேக்கு செவுத்தை காலைல பூசுனா சாயங்கால வெயில் நேரா அடிக்கும், அதனால ஈரச்சாக்கு தொங்க விடுங்க.

கடைசி பூச்சு வெறும் மூணு நாலு மில்லிமீட்டர்தான். சலிச்ச மண்ணு, நைஸ் மணல், சாணி. சாணி அன்னன்னைக்கு போட்டதா இருக்கணும். நான் ரெண்டு நாள் பழசை எடுத்துட்டு வந்தப்ப ஆயா அதை தொடவே இல்ல, "புழு வெச்ச சாணியை செவுத்துல அப்புவியா கண்ணு, போய் தொழுவத்துல புதுசா அள்ளிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலு பங்கு கலவைக்கு ஒரு பங்கு சாணி போட்டோம். சாணில இருக்கிற மெல்லிசு நாரும் பசையும் தூசி பறக்காம பிடிச்சு வைக்கும். கரண்டியால மெல்லிசா இழுத்துட்டு காத்திருங்க, விரலால அமுக்குனா குழி விழாம நகம் மட்டும் பதியிற பதம் வரும்போது மணியாசு கட்டையால (கொத்தனார் பூச்சை தேய்க்கிற மரப்பலகை) வட்டமா தேச்சு, அப்புறம் வழவழன்னு இருக்கிற கூழாங்கல்லால அழுத்தி தேயுங்க. அந்த நேரம் தவறுனா மறுபடி வராது, அதனால ஒரு ஆளால முடிக்கக்கூடிய செவுத்தை மட்டும் ஒரு நாளைக்கு எடுங்க, பாதில நிறுத்துனா சேர்ற கோடு காலத்துக்கும் தெரியும்.

உள்பக்கம் இப்படியே விடலாம், அந்த செம்மண் நிறமே கண்ணுக்கு குளிர்ச்சி. வெளிய சுண்ணாம்பு அடிங்க. கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ இரும்பு டிரம்ல தண்ணி வச்சு அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியை கொட்டக்கூடாது. கொதிச்சு தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வையே போயிடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைங்களை பக்கத்துல விடாதீங்க. பிளாஸ்டிக் பக்கெட் உருகிடும். ரெண்டு வாரம் ஊறுனதை வடிகட்டி பால் பதத்துக்கு கரைச்சு, கொஞ்சம் வஜ்ரப்பசை (மாட்டுத்தோல், எலும்புலருந்து காய்ச்சுற பசை) சேர்த்து, செவுரை லேசா நனைச்சு, மெல்லிசா நாலஞ்சு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கெட்டியா ஒரே தடவை அடிச்சா உரிஞ்சு வரும். சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துதான் கல்லா மாறும், அதுக்கு ஈரமும் நேரமும் வேணும். இதுக்கு மேல எமல்ஷன் பெயிண்ட் அடிச்சா திரும்ப செவுத்து மூச்சை அடைக்கிற கதைதான்.

குளிக்கிற எடத்துல தண்ணி நேரா படுற உயரம் வரைக்கும் மண் பூச்சு வேணாம், கடப்பா கல்லு பதிச்சுடுங்க.

வெளிய தரையிலருந்து ரெண்டு அடி மழைத்தெறிப்புல தேயும், அதை வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி தொட்டு பூசிக்கணும். எங்க வீட்ல அம்மாவும் நானும் அரை நாள்ல முடிச்சுடுறோம். அதுக்காக வேலை முடியுற அன்னைக்கே அதே மண்ணையும் மணலையும் அதே அளவுல கலந்து சலிச்சு ரெண்டு மூட்டை கட்டி பரண்ல போட்டு வைங்க, வேற எடத்து மண்ணு எடுத்துட்டு வந்தா ஒட்டும், ஆனா நிறம் சேராது.